நன்றி சொல்லிவிட்டு ஆர்டரைத் தொலைத்த படிவம்

மாசி மாதம் எங்கள் குமரி மாவட்டத்துப் பக்கம் ரப்பர் மரங்கள் புதுத் தளிரோடு நிற்கும். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. பழைய இலை உதிர்ந்து புது இலை துளிர்க்கும்போது, இலைகள் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறும். தேனீ அதைத்தான் எடுக்கிறது. அதனால் தேன்காரர்களுக்கு வருஷ வியாபாரத்தில் பெரும்பங்கு இரண்டு மூன்று மாதத்துக்குள் மொத்தமாக வந்து விழும். அருமனையிலிருந்து களியல் போகிற வழியில் தேன்பெட்டி வைத்திருக்கும் அக்கா ஒருவர் என்னைக் கூப்பிட்டதும் அந்த நேரத்தில்தான்.

"மக்களே, வாட்ஸ்அப்புல வாற ஆர்டரை நோட்டுல எழுதி எழுதி எனக்க கை ஒடிஞ்சு போச்சு. நீ போட்டுத் தந்த வெப்சைட்டுல ஒரு பாரம் வச்சுத் தா."

ஃபார்மை அக்கா பாரம் என்றுதான் சொல்வார். வேலை முடிந்தபோது அந்த உச்சரிப்புதான் சரி என்று எனக்கும் பட்டது.

வெப்சைட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு பக்கம், கொஞ்சம் படங்கள். 1920களில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் காலத்தில் மார்த்தாண்டம் ஒய்எம்சிஏ வழியாகத் தேனீ வளர்ப்பு இங்கே பரவிய கதை ஒரு பத்தி. வலைப்பக்கங்களுக்கு இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஓடுகிறது. ஆனால் அது கடைச் சுவரில் ஒட்டிய விலைப்பட்டியல் மாதிரி. வருகிறவர் படிக்கலாம், அதனிடம் ஆர்டர் சொல்ல முடியாது. சொன்னதை வாங்கி எழுதி வைக்க வேறு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை எங்கே பிடிப்பது என்பதுதான் இந்தப் பதிவு முழுக்க.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு படிவம்: பெயர், போன், முகவரி, எந்தத் தேன், எவ்வளவு. அந்தப் படிவத்தை நம் பக்கத்துக்குள் காட்ட அது தருகிற ஐஃப்ரேம் என்ற நிரல் துண்டை எடுத்து ஆர்டர் பக்கத்தில் ஒட்டினேன். கால் மணி நேர வேலை. என் லேப்டாப்பில் அழகாக இருந்தது.

அக்கா மகளின் போனில் பார்த்தால் வலது பக்கம் பாதி எழுத்தைக் காணோம். அந்தத் துண்டில் அகலம் 640 பிக்சல் என்று எழுதியே வருகிறது. சாதாரண ஆண்ட்ராய்டு போனின் திரை அகலம், வலைப்பக்கங்களை அளக்கும் சிஎஸ்எஸ் கணக்கில், 360 பிக்சலை ஒட்டித்தான் இருக்கும். அகலத்தை 100 சதவீதம் என்றும் அதிகபட்சம் 640 என்றும் மாற்றியதும் அது தீர்ந்தது. உயரம் அப்படித் தீரவில்லை. ஐஃப்ரேம் என்பது வீட்டுச் சுவரில் போட்ட ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பது வேறொருவர் வீடு. அந்த வீட்டின் உயரம் எவ்வளவு என்று என் பக்கம் கேட்க முடியாது, சுவர் நிறத்தையும் மாற்ற முடியாது. வேறு தளத்திலிருந்து வரும் பக்கத்தின் உள்ளே கை வைக்க பிரவுசர் விடாது. விட்டால் வங்கிப் பக்கத்தை ஐஃப்ரேமில் போட்டு யார் வேண்டுமானாலும் உள்ளே படித்துவிடலாம், அதனால் நியாயமான தடைதான். ஆகவே உயரத்தை நானே ஊகித்து எழுத வேண்டும். குறைவாக வைத்தால் பக்கத்துக்குள் இன்னொரு ஸ்க்ரோல். விரல் எதை நகர்த்துகிறது என்று தெரியாமல் வாடிக்கையாளர் திணறுவார். சரி என்று தாராளமாக 1800 பிக்சல் வைத்தேன்.

அங்கேதான் முதல் அடி. மூன்று நாளில், படிவத்தின் பதில்கள் வந்து சேரும் கூகுள் ஷீட்டில் பதினைந்து ஆர்டர், அதில் ஆறு இரட்டை. ஒரே ஆள், ஒரே முகவரி, ஒரு நிமிஷ இடைவெளி. அக்கா இரண்டு பேருக்கு இரண்டு பார்சல் கட்டியும் விட்டார். நானே போனில் நிரப்பிப் பார்த்தபோது புரிந்தது. அனுப்பு பொத்தான் படிவத்தின் அடியில் இருக்கிறது. அழுத்தியதும் உள்ளே வேறு பக்கம் திறந்து, "உங்கள் பதில் பதிவானது" என்ற ஒற்றை வரி உச்சியில் வருகிறது. வாடிக்கையாளர் கண் இருப்பதோ 1500 பிக்சலுக்குக் கீழே. அவருக்குத் தெரிவது வெறும் வெள்ளை. போகவில்லை என்று நினைத்து மேலே போகிறார், இன்னொரு முறை நிரப்புகிறார். தப்பு என் உயரக் கணக்கில்.

இதற்கு ஒரு சின்ன வழி உண்டு. ஜன்னலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் முடியாது. உள்ளே ஒரு பக்கம் ஏறி முடிந்தது என்ற தகவல் வெளியே கிடைக்கும். ஐஃப்ரேமின் லோட் நிகழ்வு முதல் முறை வந்தால் படிவம் திறந்திருக்கிறது, இரண்டாம் முறை வந்தால் அனுப்பியாயிற்று. இரண்டாம் முறை வந்ததும் பக்கத்தை ஐஃப்ரேமின் உச்சிக்கு நகர்த்தும்படி மூன்று வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதினேன். இரட்டை ஆர்டர் பெரும்பாலும் நின்றது. கூகுள் ஃபார்மை அப்படியே ஒட்டுவது போதும் என்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது செய்துவிடுங்கள். பள்ளி ஆண்டுவிழாப் பதிவு, சபைக் கூட்டத்துக்குப் பெயர் கொடுப்பது போன்றவற்றுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை.

அக்காவுக்குப் போதவில்லை. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் படிவத்திலேயே வாங்க வேண்டும் என்றார். கோப்பு ஏற்றும் கேள்வி ஒன்றைச் சேர்த்தேன், பக்கத்தில் படிவமே போய்விட்டது. கோப்பு ஏற்ற வேண்டுமென்றால் வாடிக்கையாளர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். நுழைவுப் பக்கமோ யாருடைய ஐஃப்ரேமுக்குள்ளும் திறக்க மறுக்கும், பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினாலும் இதே நுழைவு கேட்கும். யூபிஐ குறிப்பு எண்ணைத் தட்டச் சொல்லலாமா என்று யோசித்தேன். பன்னிரண்டு இலக்கம். அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டுகிற பொறுமை யாருக்கு இருக்கிறது? பணத்தைப் படிவத்திலிருந்தே எடுத்துவிட்டோம். ஆர்டர் முதலில், கூரியர் சேர்த்துத் தொகை அப்புறம், ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில். ஒரு கேள்வி குறைந்தால் ஒரு தொல்லை குறைந்தது.

இன்னொரு விஷயம். கூகுள் படிவத்தின் அடியில் கடவுச்சொல்லை இதில் அனுப்பாதீர்கள் என்று ஒரு எச்சரிக்கை வரி இருக்கும். அதைப் படித்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒரு அம்மா, "இது உங்க கடைதானா, இல்ல ஏமாத்து வேலையா?" என்று அக்காவிடமே போனில் கேட்டிருக்கிறார். அந்த வரி நல்லதுக்குத்தான் இருக்கிறது. இருந்தாலும் தேன் வாங்க வந்தவருக்கு அது ஏன் கண்ணில் பட வேண்டும்? படிவத்தை நாமே எழுதிவிடலாம் என்ற ஆசை எனக்கு வந்தது அன்றைக்குத்தான்.

இணையத்தில் பலரும் காட்டும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. படிவத்தின் முகத்தை நம் எச்டிஎம்எல்லில் நம் நிறத்தில் எழுதிக்கொள்ள வேண்டியது. விவரத்தை மட்டும் கூகுள் படிவத்தின் பதில் முகவரிக்குப் பின்வாசல் வழியாக அனுப்ப வேண்டியது. அந்தப் படிவத்தின் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் உண்டு. முன்கூட்டியே நிரப்பிய லிங்க் ஒன்றை எடுத்தால் அந்த எண்கள் அதில் தெரியும். அவற்றை என் கட்டங்களுக்குப் பெயராக வைத்தேன். ஃபெட்ச் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை மூலம் அனுப்பும்போது வேறு தளம் என்பதால் பிரவுசர் முறைக்கும். அதற்கு நோ-கார்ஸ் என்று ஒரு நிலை இருக்கிறது. அதைப் போட்டால் அனுப்ப விடும், ஆனால் வருகிற பதிலைப் பிரிக்க விடாது. பதில் என்று ஒன்று வந்தது தெரியும். அதற்குள் இருப்பது சரியா தப்பா தெரியாது. ஒட்டிய கவரைக் கையில் தருகிற மாதிரி.

நான் என்ன செய்தேன்? கவர் வந்த உடனே, "நன்றி! உங்கள் ஆர்டர் வந்து சேர்ந்தது" என்று பச்சை நிறத்தில் காட்டினேன்.

பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. ஐஃப்ரேம் இல்லை, இரட்டை ஸ்க்ரோல் இல்லை, எல்லாம் தமிழில். அக்காவும் சந்தோஷம். இரண்டு வாரம் ஓடியது. ஒரு நாள் மாலை போன்.

"மக்களே, எனக்க போன்ல ஆர்டர் ஒண்ணும் வரல்லியே. சீசன் முடிஞ்சு போச்சா?"

ஷீட்டைத் திறந்தேன். கடைசி வரி நான்கு நாளைக்கு முந்தையது. பக்கத்தில் போய் ஒரு ஆர்டர் போட்டேன். "நன்றி! உங்கள் ஆர்டர் வந்து சேர்ந்தது." ஷீட்டில் ஒன்றுமில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் நன்றி. பச்சை நிறத்தில் என் எழுத்து என்னிடமே பொய் சொல்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணம் பிடிக்க அரை மணி நேரம் ஆனது. கூரியர்காரர் கேட்கிறார் என்று அக்கா மகள் கூகுள் படிவத்தில் "மாவட்டம்" என்று ஒரு கேள்வி சேர்த்து அதைக் கட்டாயம் என்றும் குறித்திருக்கிறாள். அவள் செய்தது சரியான வேலை. என் பக்கத்தில் அந்தக் கட்டமே இல்லை. கட்டாயக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வந்த எல்லாவற்றையும் அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருப்பி அனுப்பினோம் என்ற செய்தி ஒட்டிய கவருக்குள் இருந்தது. கவரைப் பிரிக்காமலே நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்கு நாளில் எத்தனை பேர் போட்டிருப்பார்கள்? தெரியாது. வந்ததை எண்ணலாம், வராததற்கு ஏது வரிசை எண்? இரண்டு பேர் தாங்களாகவே கூப்பிட்டுக் கேட்டார்கள், ஒருவர் பாறசாலைக்காரர். அவர்களுக்கு அக்கா ஒரு சின்னக் குப்பி கூடுதலாக வைத்து அனுப்பினார். அதற்கான காசை நான் கொடுக்கப் போனேன், அக்கா வாங்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அன்று இரவே அந்தக் குறுக்கு வழியைக் கழற்றினேன். இனி ஒரு விதி: ஷீட்டில் வரி விழுந்து, அதற்கு ஓர் ஆர்டர் எண் கிடைத்து, அந்த எண் பக்கத்துக்குத் திரும்பி வந்தால் மட்டுமே நன்றி. எண் வரவில்லையென்றால், "இன்னும் சேரவில்லை, மறுபடி அழுத்துங்கள்" என்று உள்ளதைச் சொல்ல வேண்டும்.

இதற்குக் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் போதும். ஷீட்டுக்குள்ளேயே எழுதும் ஜாவாஸ்கிரிப்ட்தான். பக்கத்திலிருந்து விவரம் (போஸ்ட்) வந்தால் ஓடும் ஒரு ஃபங்ஷன் எழுதி, வெளியிலிருந்து கூப்பிடக்கூடிய வெப் ஆப்பாக வெளியிட வேண்டும். என் பெயரில் ஓடட்டும், யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று இரண்டையும் தேர்ந்தெடுத்தால், கணக்கில் நுழையாமலே வாடிக்கையாளர் அனுப்பலாம். பதிலையும் படிக்கலாம். ஒரு சிக்கல்: விவரத்தை ஜேசான் (கணினிகள் தகவல் பரிமாறும் ஒரு வடிவம்) என்று தலைப்பில் குறித்து அனுப்பினால், பிரவுசர் முதலில் "அனுப்பலாமா?" என்று ஒரு முன்விசாரணை அனுப்பும். அந்த விசாரணைக்குப் பதில் சொல்ல ஆப்ஸ் ஸ்கிரிப்டில் வழி இல்லை, அதோடு நின்றுவிடும். அதே விவரத்தைச் சாதாரண எழுத்து என்று குறித்து அனுப்பினால் விசாரணையே கிடையாது. உள்ளே போனபிறகு ஜேசானாகப் பிரித்துக்கொள்ளலாம். இன்னொன்று, ஸ்கிரிப்டில் திருத்தம் செய்து சேமித்தால் மட்டும் போதாது. வெளியிட்டதைத் திறந்து புதுப் பதிப்பு என்று கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். "திருத்தியாச்சே, ஏன் மாறவில்லை?" என்று ஒரு ராத்திரி முழுக்க இதில் போனது.

ஷீட்டில் எழுதும் இடத்தில் இரண்டு கண்ணி. 04651 என்று தொடங்கும் குழித்துறைப் பக்கத்து லேண்ட்லைன் எண்ணை ஒரு பெரியவர் கொடுத்திருந்தார். ஷீட் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த சைபரை விழுங்கிவிட்டது. அதே மாதிரி, சமக்குறியில் தொடங்கும் எதையும் அது சூத்திரமாக எடுத்துக்கொள்ளும். குறும்புக்காரர் ஒருவர் முகவரிக் கட்டத்தில் சூத்திரம் எழுதி அனுப்பினால் அது நம் ஷீட்டுக்குள் ஓடும். வாடிக்கையாளர் எழுதிய எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி சேர்த்து எழுதினால் இரண்டும் அடங்கிவிடும்.

இரட்டை ஆர்டர் இங்கே வேறு உருவத்தில் வந்தது. களியல் பக்கம் சிக்னல் எப்படி என்று தெரியும். ஆர்டர் போய்ச் சேர்ந்துவிடும், எண் திரும்பி வரும் வழியில் சிக்னல் போய்விடும். பக்கம் "சேரவில்லை" என்று சொல்லும், வாடிக்கையாளர் மறுபடி அழுத்துவார். இப்போது பக்கம் திறக்கும்போதே குருட்டாம்போக்கில் ஒரு தனி அடையாளம் உருவாக்கி ஆர்டரோடு அனுப்புகிறேன். ஸ்கிரிப்ட் முதலில் அந்த அடையாளம் ஷீட்டில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் புது வரி எழுதாது, பழைய ஆர்டர் எண்ணையே திருப்பித் தரும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் அனுப்பினால் எண் மோதாமலிருக்க ஒரு பூட்டும் உண்டு. பத்து தடவை அழுத்தினாலும் ஒரே ஆர்டர்தான்.

"எவ்வளவு வேண்டும்" என்ற கட்டத்தில் ஆரம்பத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டிருந்தேன். வந்தவை: "1", "ஒரு கிலோ", "1 லிட்டர்", "ரெண்டு குப்பி", "பெரியது ஒன்று", "வீட்டுக்குத் தேவையானது". கடைசியானது யாரோ தெரியவில்லை, ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. தேனில் கிலோவும் லிட்டரும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ எடை இருக்கும். முக்கால் லிட்டர் குப்பியில் ஒரு கிலோ பிடித்துவிடும். லிட்டர் என்று எழுதியவருக்கு ஒரு கிலோ அனுப்பினால் குறைத்துவிட்டோம் என்பார். அதனால் எழுதும் கட்டத்தை எடுத்துவிட்டு, குப்பி அளவைத் தேர்ந்தெடுத்து எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி மாற்றினேன். ஒவ்வொரு அளவுக்கும் கீழே எடை கிராமில். அக்கா கேட்டுக்கொண்டபடி "கிலோ"வுக்குப் பக்கத்தில் "குப்பி" என்ற சொல்லையும் சேர்த்தேன். பாட்டில் என்று யார் இங்கே சொல்கிறார்கள்?

தமிழுக்கே உரிய ஒரு தலைவலியும் வந்தது. கொட்டாத சின்னத் தேனீயின் தேனை அக்கா வீட்டில் சிறுதேன் என்பார்கள். வெளியூருக்குப் புரியட்டும் என்று லேபிளில் கொசுத்தேன் என்று போட்டிருந்தார்கள். அந்தப் பெயரை லேபிள் அடித்த டிடிபி கடையின் கோப்பிலிருந்து எடுத்துப் படிவத்தில் ஒட்டினேன். ஸ்கிரிப்டில் விலைப்பட்டியலில் நானே தட்டினேன். கொசுத்தேன் ஆர்டருக்கு மட்டும் விலை காலியாக வந்தது. இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. எழுத்தாகப் பிரித்து எண்ணிப் பார்த்தால் ஒன்றில் ஓர் எழுத்துக் குறி கூடுதல். யூனிகோடில் "கொ" என்பதை க-வோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். க-வோடு ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டு சொல். பழைய எழுத்துருவில் தட்டி யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்பதால் கொம்பும் காலும் தனித்தனியாக வந்திருந்தன. ஜாவாஸ்கிரிப்டில் இதைச் சீர்படுத்த நார்மலைஸ் என்ற ஒன்று இருக்கிறது. ஒப்பிடும் முன் இரண்டு பக்கமும் அதைப் போட்டால் தீர்ந்தது. தமிழ்ச் சொல்லை வைத்து எதையாவது தேடவோ ஒப்பிடவோ செய்கிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிட்டால் என்னைப் போல ஒரு சாயந்தரத்தை இழக்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று. மார்த்தாண்டத்தில் நேரில் வாங்கிக்கொள்கிறேன் என்பவருக்கு முகவரி எதற்கு? நேரில் என்று தேர்ந்தெடுத்தால் முகவரிக் கட்டங்கள் மறையும்படி செய்தேன். கூரியர் ஆர்டர் போகிறது, நேரில் வாங்குகிற ஆர்டர் மட்டும் போகவில்லை. பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. பிழைச் செய்தியும் இல்லை. முகவரி கட்டாயம் என்று குறித்திருந்தேன், மறைத்தபோது அந்தக் குறி போகவில்லை. கட்டாயக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பிரவுசர் தடுக்கிறது. எங்கே காலி என்று சுட்டிக்காட்டப் பார்த்தால் கட்டம் மறைந்திருக்கிறது. சுட்ட முடியாமல் பேசாமல் இருந்துவிடுகிறது. லேப்டாப்பில் பிரவுசர் பிழைகளை எழுதி வைக்கும் கன்சோலைத் திறந்த பிறகுதான் அது முணுமுணுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. முகவரிக் கட்டங்களை ஃபீல்ட்செட் என்ற ஒரே தொகுப்பில் அடைத்து, மறைக்கும்போது அதை முடக்கியும் விட்டேன். முடக்கிய கட்டத்தை பிரவுசர் சோதிக்காது.

கட்டாயச் செய்திகள் பிரவுசரின் மொழியில் வருவதால் பலருக்கு ஆங்கிலத்தில் தெரிந்தன. அவற்றைத் தமிழில் நாமே எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால், ஆள் திருத்தத் தொடங்கியதும் அதைக் காலியாக்கவும் வேண்டும். காலியாக்க மறந்தால், சரியாக நிரப்பிய பிறகும் "போன் எண்ணைத் தாருங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மறந்தேன், கேட்டது.

பின்கோடுக்கு எண் வகைக் கட்டம் வைக்காதீர்கள். எழுத்து வகையே போதும், எண் விசைப்பலகை மட்டும் திறக்கச் சொன்னால் சரி. 629 165 என்று நடுவில் இடம் விட்டு எழுதும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அதைத் தப்பு என்று திருப்பி அனுப்புவதைவிட இடத்தை நாமே நீக்கிக்கொள்வது மரியாதை. கட்டத்துக்குள் எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் திடீரென்று பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். எந்த வேலைக்காகப் போன் எண் வாங்குகிறோம் என்று பொத்தானுக்கு மேலே ஒரு வரி எழுதினேன். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது என்பது ஒரு பக்கம். ஒருவர் எண்ணைக் கேட்டால் எதற்கென்று சொல்வதுதானே முறை.

கடைசித் தொல்லை ஸ்பாம். ஒரு வாரம் கழித்து ரஷ்ய எழுத்தில் ஆர்டர்கள் வரத் தொடங்கின. வழக்கமான பொறி ஒன்றை வைத்தேன்: மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிப் பழகிய ரோபோ அதையும் நிரப்பும். நிரப்பியிருந்தால் ஷீட்டில் எழுதாமல் தூக்கிப் போட வேண்டியது. ஸ்பாம் நின்றது. நானும் நிம்மதியாக இருந்தேன். மறுபடியும் அதே மாதிரி ஏதோ நடக்கிறதோ என்ற பயத்தில் மட்டும், தூக்கிப் போடாமல் தனியாக ஒரு ஷீட்டில் ஒதுக்கச் சொல்லியிருந்தேன். ஐந்தாம் நாள் அதைத் திறந்தால் ரஷ்ய எழுத்துகளுக்கு நடுவே நாகர்கோவில் வடசேரியிலிருந்து ஒரு உண்மையான ஆர்டர், ரப்பர் தேன் இரண்டு குப்பி. அந்தக் கட்டத்துக்கு நான் வைத்த பெயர் "கம்பெனி". அவருடைய பிரவுசர் பெயரையும் முகவரியையும் தானாக நிரப்பும்போது, மறைந்திருந்த கட்டத்திலும் அவருடைய கம்பெனிப் பெயரை நிரப்பிவிட்டது. பிரவுசருக்கு அர்த்தமே புரியாத ஒரு பெயராக மாற்றி, தானாக நிரப்பாதே என்றும் குறித்தேன். ஒதுக்கு ஷீட்டை வாரம் ஒரு முறை பார்க்கிற பழக்கத்தை விடவில்லை. வடசேரிக்காரரை உடனே கூப்பிட்டுச் சொன்னோம். சீக்கிரம் பார்த்துவிட்டோம் என்பதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

எல்லாம் சரி, ஆனால் அக்கா ஷீட்டைத் திறக்க மாட்டார். ஆர்டர் வந்தால் மெயில் போகும்படி செய்தேன், மெயிலையும் திறக்க மாட்டார். அவருக்கு உலகம் வாட்ஸ்அப். வாட்ஸ்அப்புக்குத் தானாக அனுப்புவதென்றால் தனிக் கணக்கு, செலவு, அனுமதி. அதற்குப் பதிலாக நன்றிப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான் வைத்தேன். அழுத்தினால் வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்பே திறந்து, ஆர்டர் எண்ணும் பெயரும் குப்பி எண்ணிக்கையும் எழுதிய செய்தி அக்கா எண்ணுக்குத் தயாராக நிற்கும். அனுப்புவது அவர் விருப்பம். அனுப்பாவிட்டாலும் ஷீட்டில் இருக்கிறது, இரவில் அக்கா மகள் ஒரு முறை பார்த்துக்கொள்வாள். இந்த லிங்கில் தமிழ் எழுத்தை அப்படியே போடாமல் குறியாக்கம் செய்துதான் போட வேண்டும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக நீளும், "தேன்" மட்டும் 36 எழுத்து. எனவே செய்தியைச் சுருக்கமாக வைத்தேன்.

நோட்டு இன்னும் இருக்கிறது. முதல் பத்தியில் இப்போது ஆர்டர் எண்ணை எழுதுகிறார், மற்ற பத்திகள் பழையபடி. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற தேனீ நோய் வந்து அக்காவின் அப்பாவுடைய பெட்டிகள் எல்லாம் காலியான வருஷத்துக் கணக்கும் அதே மாதிரி நோட்டில்தான் இருக்கிறதாம். அதனால் நோட்டை விடச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை.

போன வாரம் போயிருந்தபோது, போனில் கூப்பிட்டு ஆர்டர் சொல்கிறவர்களுக்காக அக்காவே படிவத்தைத் திறந்து நிரப்பிக்கொண்டிருந்தார். தேன் அடைத்துக்கொண்டே நிரப்புகிறார், விரல் எல்லாம் பிசுபிசு.

"மக்களே, இந்தப் பட்டனு சின்னதா இருக்கு. எனக்க வெரலுக்குக் கிட்டல்ல. கொஞ்சம் பெரிசாக்கு, கேட்டியா?"

48 பிக்சல் உயரம் வைத்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து 60 ஆக்கினேன்.